உங்களுக்குத் தெரியுமா? சித்தாண்டியிலிருந்து சமூக விஞ்ஞானம், உளவியல் மாணவருக்கு

வீடு மாறுவது மாப்பிள்ளை

மட்டக்களப்பு மாவட்டத்தின் சித்தாண்டிப் பக்கத்தில் கலியாணம் முடிந்ததும் வீட்டை விட்டுப் புறப்படுவது பெரும்பாலும் ஆண்தான். பெண் பிறந்த வளவிலேயே இருப்பாள். வீடும் அவள் பேரில் எழுதப்படும். அடுத்த மகளுக்கு முறை வரும்போது பெற்றோர் பெரிய வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொரு வீட்டுக்கு ஒதுங்குவார்கள். அதனால் ஒரே வேலிக்குள், அல்லது வேலிக்கு வேலி, அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா, அவர்களின் பிள்ளைகள் என்று தாய்வழி ஆட்கள் சூழ்ந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் மாப்பிள்ளைமார்.

மட்டக்களப்பின் தாய்வழிக் குடிமுறை இப்படித்தான் நடக்கிறது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரு குடியில் பிறந்தவர்கள் சகோதர முறை என்பதால் அவர்களுக்குள் கலியாணம் இல்லை. உரிமை உள்ளவர்கள் மச்சானும் மச்சாளும். கோயிலில் குடிகளுக்கென்று வண்ணக்கர் என்னும் அறங்காவலர் இருப்பார், திருவிழாவும் குடிகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கும். கிழக்கின் முஸ்லிம்களிடமும் இந்தக் குடிமுறை உண்டு. அங்கே பள்ளிவாசலில் குடியின் சார்பில் மரைக்காயர் இருப்பார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றில் களஆய்வைத் தொடங்கினார். 2008இல் வெளியான அவருடைய பெரிய நூல் தமிழரையும் முஸ்லிம்களையும் அருகருகே வைத்து இதை ஆராய்கிறது.

உளவியல் படிப்பவருக்கு இதனால் என்ன? திருமண வாழ்வின் மன அழுத்தத்தை அளக்க, தந்தைவழிக் குடும்பத்தை மனதில் வைத்து எழுதிய ஒரு வினாக்கொத்தை எடுத்து வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "புகுந்த வீட்டில் உங்களுக்கு மரியாதை கிடைக்கிறதா?" என்று மனைவியைக் கேட்கிறீர்கள். அவள் புகுந்த வீடு எது? புகுந்தவர் பக்கத்தில் இருக்கும் கணவர். அவரைத்தான் யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாய்வழி என்றால் பெண்ணின் ஆட்சி என்று எண்ணிவிடக் கூடாது. கிழக்கிலங்கையில் பெண் தலைமைக் குடும்பங்களை ஆராய்ந்த கஞ்சனா ருவன்புர, 2006இல் வெளியான தம் நூலில், தாய்வழிச் சமூகங்களுக்குள்ளும் ஆணாதிக்கம் எப்படி நிலைத்திருக்கிறது என்பதைத்தான் விரிவாகக் காட்டினார். உறுதி பெண்ணின் பேரில் இருக்கலாம். காணியைப் பற்றி முடிவெடுப்பது அவளா என்பது தனிக் கேள்வி.

தகப்பனா, மாமனா?

இடிபஸ் சிக்கலைப் படிக்காத உளவியல் மாணவர் இல்லை. மகன் தாயிடம் ஒட்டுகிறான், தகப்பனிடம் பகை கொள்கிறான், இது மனித குலத்துக்கே பொது என்றார் ஃப்ராய்ட். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது பசிபிக் கடலின் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் தங்கியிருந்த புரொனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி அங்கே வேறொன்றைக் கண்டார். அது தாய்வழிச் சமூகம். தகப்பன் பிள்ளையைத் தூக்கித் திரியும் தோழன். கண்டிப்பதும், கடமை சொல்லுவதும், சொத்தை விட்டுச் செல்வதும் தாய்மாமன். பையனின் உள்ளக் கசப்பு அந்த மாமன் பக்கமே திரும்பியிருக்கிறது என்று மலினோவ்ஸ்கி வாதாடினார். ஃப்ராய்டின் நெருங்கிய சீடர் ஏர்னெஸ்ட் ஜோன்ஸ் அதை மறுத்தார். மலினோவ்ஸ்கியின் விடை 1927இல் நூலாகவே வந்தது. விவாதம் அதோடு முடியவில்லை. 1982இல் மெல்ஃபர்ட் ஸ்பைரோ என்ற மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியின் தரவுகளையே எடுத்து, அங்கும் இடிபஸ் உண்டு என்று திருப்பி வாதாடினார்.

மட்டக்களப்பிலும் வண்ணக்கர் பதவி போன்ற உரிமைகள் மரபுப்படி மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு, இறங்குபவை. இந்தப் பகுதியின் பழைய வாரிசு வழக்கங்களைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பவர் 'முக்குவர் சட்டம்' என்று 1876இல் தொகுத்து வெளியிட்டார். அதே 1876இல் வந்த திருமண உரிமை, வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த வழக்கங்களை நீதிமன்றத்திலிருந்து ஓரங்கட்டியது. சட்டம் போன பிறகும் குடி போகவில்லை. ஃப்ராய்டுக்கும் மலினோவ்ஸ்கிக்கும் நடந்த வழக்கில் சாட்சி சொல்லக்கூடிய ஊர்கள் நம்முடையவை. இங்கு பிறந்த மாணவர் ஒருவர் அந்தக் கேள்வியை முறையாக எடுத்து ஆராய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

வூண்ட் எழுதிய மற்றப் பாதி

1879இல் லைப்சிக் நகரில் முதல் உளவியல் ஆய்வுகூடத்தை அமைத்தவர் வில்ஹெல்ம் வூண்ட். பரீட்சைக்கு இந்த ஆண்டை மனனம் செய்கிறோம். அதே வூண்ட் 1900 முதல் 1920 வரை மொழி, புராணம், வழக்கம் ஆகியவற்றைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதினார். மனிதனின் உயர்ந்த சிந்தனையை ஆய்வுகூடக் கருவியால் எட்ட முடியாது, கூட்டு வாழ்க்கையில்தான் தேட வேண்டும் என்பது அவர் கொள்கை. பாடப்புத்தகத்தில் முதல் பாதி மட்டும் தங்கிவிட்டது.

ஒரே கப்பலில் போனவர்கள்

1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு குழு அவுஸ்திரேலியாவுக்கு வடக்கே டொரெஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போனது. குழுவில் இருந்தவர்களில் நால்வரின் பெயரைக் கவனியுங்கள்: டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், சி. எஸ். மயர்ஸ், வில்லியம் மக்டூகல், சி. ஜி. செலிக்மன். நால்வரும் மருத்துவம் படித்தவர்கள். தீவு மக்களின் பார்வை, கேள்வி, தொடுவுணர்வு ஆகியவற்றை அளப்பது குழுவின் வேலைகளில் ஒன்று.

அளந்துகொண்டிருந்த ரிவர்ஸுக்கு ஒரு தேவை வந்தது. யார் யாருடைய பிள்ளை, சகோதரன் என்று தெரிந்தால்தான் ஓர் ஆற்றல் குடும்பத்தில் இறங்குகிறதா என்று பார்க்கலாம். அதற்காக வம்சாவளி எழுதத் தொடங்கினார். உறவுமுறைகளைப் பதிவுசெய்யும் வம்சாவளி முறை அப்படித்தான் பிறந்தது. இன்றும் மானிடவியல் களஆய்வின் முதல் வேலைகளில் அது ஒன்று. பிறகு 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடரிடையே தங்கினார். 'தோடர்கள்' நூல் 1906இல் வெளியானது. அங்கும் புலன்களை அளந்தார். நீளம் சமமான இரு கோடுகளை அம்புமுனை காட்டி ஏமாற்றும் முல்லர்-லையர் மாயத்தோற்றம் தோடரை ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஏமாற்றியது. கண் பார்ப்பதிலும் வாழும் இடத்தின் கை இருக்கிறது என்பதற்கு நம் பக்கத்து மலையிலிருந்து கிடைத்த ஆரம்பச் சான்று அது.

செலிக்மன் தம் மனைவி பிரெண்டாவுடன் 1907-08இல் இலங்கைக்கு வந்தார். 1911இல் வந்த 'வேடர்கள்' நூலில் கிழக்குக் கரையோர வேடருக்கும் இடம் உண்டு. வாகரைப் பக்கம் தமிழ் பேசி வாழும் வேடர் சமூகம் அதுதான். மலினோவ்ஸ்கி பின்னர் இதே செலிக்மனின் மாணவர். மக்டூகல் 1908இல் சமூக உளவியலுக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். உலகப் போர் வந்தது. 1915இல் போர்முனையின் மனநிலைக் குலைவைக் குறிக்க 'ஷெல் ஷாக்' என்ற பெயரை மருத்துவ இதழில் அச்சேற்றியவர் மயர்ஸ். அந்த நோயாளிகளை ஸ்கொட்லாந்தின் கிரெய்க்லொக்கார்ட் மருத்துவமனையில் பேச வைத்துக் குணப்படுத்த முயன்றவர் ரிவர்ஸ்.

உளவியலும் மானிடவியலும் அன்று ஒரே ஆட்களின் கையில் இருந்தன. துறைகளைப் பிரித்தது பின்னால் வந்த பல்கலைக்கழக நிர்வாகம்.

96, 12

2003 முதல் 2007 வரை முன்னணி உளவியல் இதழ்கள் சிலவற்றில் வந்த ஆய்வுகளை உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் எண்ணிப் பார்த்தார். பங்கேற்றவர்களில் 96 சதவீதத்தினர் மேற்கத்தையத் தொழில்மய நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கு 12 சதவீதம். "மனிதர்கள் இப்படித்தான்" என்று பாடநூல் சொல்லும் இடத்திலெல்லாம் இந்த இரண்டு எண்களையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

வெள்ளைக் கரடி

உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படித்தவர்கள் இதை விரும்புவார்கள். 1931-32இல் சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா உஸ்பெகிஸ்தான் கிராமவாசிகளிடம் கேட்டார்: தூர வடக்கில், பனி உள்ள இடத்தில், கரடிகள் எல்லாம் வெள்ளை. நொவாயா செம்லியா தூர வடக்கில் உள்ளது. அங்குள்ள கரடி என்ன நிறம்? எழுத்தறியாத விவசாயிகள் பலர், தாங்கள் கறுப்புக் கரடியையே கண்டதாகவும் காணாததைப் பற்றிப் பேசுவதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். சிறிது காலம் பள்ளிக்கூடம் போனவர்களோ தயங்காமல் முடிவு சொன்னார்கள்.

பள்ளிக்கூடம் போகாதவருக்கு அறிவு குறைவு என்று இதை வாசித்தவர்கள் உண்டு. எனக்கு அந்த விவசாயிகள் மேல் மரியாதைதான் வருகிறது. கண்டதை மட்டுமே சாட்சி சொல்லுவேன் என்பதும் ஓர் ஒழுங்கான சிந்தனை. முற்கோளை மட்டும் வைத்து முடிவெடுப்பது பள்ளிக்கூடம் பழக்கும் ஒரு தனி விளையாட்டு. அதன் விதி தெரியாதவரின் மூளையை அந்த விளையாட்டால் அளக்கக் கூடாது. லூரியாவின் நூல் ரஷ்ய மொழியில் வெளியாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அறுவடைக்கு முன், அறுவடைக்குப் பின்

தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள் உலகின் மிகப் பெரிய விஞ்ஞான இதழ்களில் ஒன்றில் இடம்பெற்றவர்கள். கரும்புக்குப் பணம் வருவது ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு தடவை. ஆகவே ஒரே விவசாயி அறுவடைக்கு முன் கையில் காசில்லாதவர், பின் ஓரளவு வசதியுள்ளவர். இரு சமயத்திலும் அவருக்கு நுண்ணறிவு, கவனக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கான சோதனைகள் கொடுக்கப்பட்டன. அறுவடைக்கு முன் அதே ஆள் குறைவாகவே எடுத்தார். 2013இல் 'சயன்ஸ்' இதழில் இதை வெளியிட்ட குழுவில் ஒருவர், தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதன். ஒரே சோதனையை இரண்டாம் தடவை எழுதும் பழக்கம் முடிவைப் பாதித்திருக்கலாமே என்ற கேள்வியைப் பிறர் எழுப்பினார்கள். ஆய்வுக் குழுவும் அதற்கு விடை சொன்னது. அந்த விவாதத்தையும் சேர்த்தே படியுங்கள்.

சித்தாண்டியில் வெள்ளாமைக்காரர் பெரும்போகத்துக்கு உழுது, விதைத்து, பசளைக்குக் கடன்பட்டு, நெல் வீட்டுக்கு வரும்வரை நகையை அடகில் வைத்திருக்கும் மாதங்களை நினையுங்கள். மார்கழியில் ஒரு பிள்ளையின் தகப்பனைப் பேட்டி கண்டு "மறதி, எரிச்சல், கவனக் குறைவு" என்று குறித்துக்கொண்டு வந்தால், பங்குனியில் நெல் விற்ற பிறகு இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். நோயா, போகமா என்று அப்போதுதான் தெரியும்.

குடும்பத் தலைவர் யார்?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுக்க வந்தவர்கள் பெயர்ப் பட்டியலில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தை நிரப்பினார்கள். பெரும்பாலும் கணவரின் பெயர் விழுந்தது. அலை கொண்டுபோன வீடோ, பல இடங்களில், மனைவிக்குச் சீதனமாக வந்தது. வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை கட்டக் கூடாது என்று அரசு முதலில் அறிவித்ததால் பலருக்குப் பழைய வளவும் போனது. மகளுக்கு வீடு கொடுக்க வழியற்றுப் போன தாய்மாரின் கவலையையும், புதிய வீட்டை எப்படியாவது மகளுக்கு ஆக்குவதற்கு அவர்கள் செய்த முயற்சிகளையும் மெக்கில்வ்ரேயும் மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸும் பதிவுசெய்தார்கள். படிவத்தில் ஒரு கட்டம் ஒரு சமூகத்தின் சொத்துமுறையைத் தொட்டுவிட்டது. வினாக்கொத்து எழுதப்போகும் ஒவ்வொருவரும் இந்தச் செய்தியை அறிந்திருக்க வேண்டும்.

காயம் எங்கே?

அதே ஆழிப்பேரலைக்குப் பின் வந்த வெளிநாட்டு உளவளத்துணையாளர்கள் கனவு, திடுக்கிடல், தூக்கமின்மை ஆகியவற்றின் பட்டியலோடு வந்தார்கள். இலங்கையில் பிறந்த உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோ மறுபக்கத்திலிருந்து தொடங்கினார். துன்பப்பட்டவர்களிடமே அவர்கள் கதையைச் சொல்லச் சொன்னார். தலைக்குள் நடப்பதைவிட உறவில் நேர்ந்த முறிவையே அவர்கள் அதிகம் சொன்னார்கள்: தாயாக, மகனாக, அயலவராகத் தங்கள் கடமையைச் செய்ய முடியாமல் போனது. அதை வைத்து இலங்கைக்கென்றே ஓர் அளவுகோலை அவர் உருவாக்கினார். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 1998இல் 'வடுப்பட்ட மனங்கள்' என்ற பொருள்படும் நூலை எழுதியவர், போர் தனி ஆட்களோடு சமூகத்தையே காயப்படுத்துகிறது என்று 2007இல் கூட்டு வடுவைப் பற்றி எழுதினார். இந்த இருவரையும் படிக்காமல் வடக்குக் கிழக்கில் எவரும் உளவளத்துணைக்கு இறங்கக் கூடாது.

158 பேர்

சித்தாண்டிக்கு அடுத்தடுத்த ஊர் வந்தாறுமூலை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வளாகம் அங்கே இருக்கிறது. 1990இல் அது அகதிமுகாம். அந்த ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் உறவினர் கூடி நினைவுகூருகிறார்கள்.

இறந்ததற்கு உடல் இல்லை, இருப்பதற்குச் செய்தி இல்லை. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் 1970களில், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு வேலைசெய்து, இந்த நிலைக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்ற கருத்தை வகுத்தார். அழுது முடிக்க முடியாத இழப்பு இது. அந்தக் குடும்பத்தை நோயாளியாகப் பார்க்கக் கூடாது, நோய் அந்தச் சூழ்நிலையில் இருக்கிறது என்பது அவர் வற்புறுத்தும் செய்தி.

இனி மட்டக்களப்புக்கு வாருங்கள். பற்றீசியா லோறன்ஸ் 1990களில் இங்குள்ள அம்மன் கோயில்களில் ஆய்வு செய்தார். பேசினாலே ஆபத்து என்றிருந்த காலம். பொலிசிடமும் முகாம்களிலும் விடை கிடைக்காத தாய்மார் சடங்கு நாளில் தெய்வமாடுவோரிடம் போய் நின்றார்கள். மகன் உயிரோடு இருக்கிறானா? அம்மன் வாக்குச் சொன்னாள். வாக்குச் சொல்பவர் காணாமற்போனவரின் வேதனையைத் தம் உடலிலேயே காட்டினார். ஊர் கூடியிருக்கும் இடத்தில், வேறெங்கும் சொல்ல முடியாத துயரம் வாய்விட்டுச் சொல்லப்பட்டது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் உளவியல் மாணவர் ஒரு முழு மாவட்டத்தின் மனநலச் சேவையைக் காணத் தவறுகிறார் என்பேன்.

சட்டம் வெகு தாமதமாகத்தான் வந்தது. 2016இல் இயற்றப்பட்ட திருத்தம், மரணச் சான்றிதழ் வேண்டாதவர்கள் காணாமற்போனதற்கான சான்றிதழ் ஒன்றைப் பெற வழிசெய்தது. காணி, வங்கி, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொரு கருமத்துக்கும் "கணவர் இறந்துவிட்டார்" என்று கையெழுத்து வைக்கும்படி ஒரு பெண்ணைக் கேட்பது எத்தகைய கொடுமை என்பதை அந்த ஒரு தாள் ஒப்புக்கொள்கிறது. துயரத்தின் போக்கைச் சட்டமும் தீர்மானிக்கிறது.

31 ஆண்டு

இலங்கையின் முதல் குடிசன மதிப்பு 1871இல். மட்டக்களப்பு மாவட்டம் 1981இல் முழுமையாக எண்ணப்பட்டது. 1991இல் நாட்டில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் இந்த மாவட்டத்தில் எண்ணி முடிக்கவில்லை. அடுத்த முழுக் கணக்கு 2012. எழுமாற்று மாதிரி எடுங்கள் என்று புள்ளிவிபரவியல் விரிவுரையில் சொல்வார்கள். மாதிரி எடுக்கப் பட்டியல் வேண்டும். அந்த 31 ஆண்டுகளும் இங்கே நம்பத்தக்க முழுப் பட்டியல் இருக்கவில்லை. அந்தக் காலத்து ஆய்வொன்றில் "மாவட்ட மக்களில் இத்தனை வீதம்" என்று படித்தால், எதிலிருந்து எடுத்த வீதம் என்று கேட்டுவிட்டு மேலே போங்கள்.

தண்ணீர் குறைந்த வருடம்

1954 கோடையில் சமூக உளவியலாளர் முசாபர் ஷெரிஃப் ஒக்லஹோமாவின் காட்டு முகாமொன்றில் 22 சிறுவர்களை இரு குழுக்களாக்கினார். போட்டி வைத்ததும் பகை மூண்டது. பிறகு முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றது, நிறுத்தியது ஆய்வாளர்களே. இரு குழுவும் சேர்ந்து தேடி அதைச் சரிசெய்தன. இப்படிப் பொது நோக்கம் ஒன்றன்பின் ஒன்றாக வர, பகை தணிந்தது. எந்தச் சமூக உளவியல் பாடநூலிலும் இது உண்டு.

எந்தப் பாடநூலிலும் நான் காணாத இன்னொரு கதை நம் மட்டக்களப்பு வாவியின் தெற்குப் பக்கத்து வயல்நாட்டில் நடந்தது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் 1949இல் தொடங்கியது. 1956இல் அங்கே தமிழர் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். வாய்க்காலின் மேல்புறத்தில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைசியில் தமிழ் விவசாயிகள். மேலே உள்ளவர்கள் எடுத்த பிறகு கீழே தண்ணீர் வருவது அருமை. 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக விவசாயிகளிடையே வாழ அனுப்பின. அது குளத்தில் தண்ணீர் மிகக் குறைந்திருந்த காலம். இந்த விவசாயிகள் ஒத்துழைக்க மாட்டார்கள் என்றே அதிகாரிகள் நினைத்திருந்தார்கள். சில வாரங்களுக்குள் விவசாயிகள் சேர்ந்து வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், மிச்சம் பிடித்ததைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டார்கள். மேல்புறச் சிங்கள விவசாயிகள் கடைப்புறத் தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்ட இடங்களும் உண்டு. கோர்னெலின் நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட நூல் இதை விவரமாகச் சொல்கிறது.

ஷெரிஃபின் முகாமில் தண்ணீரை நிறுத்தியவர்கள் ஆய்வாளர்களே. கல்லோயாவில் பஞ்சம் உண்மையானது, பகை உண்மையானது, பிள்ளைகளின் சோறும் அந்தத் தண்ணீரில் இருந்தது. சமூக உளவியல் விரிவுரையில் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் நாள் வர வேண்டும்.

மேய்ச்சல் தரை

சித்தாண்டி மாட்டுப்பட்டிகளின் ஊருங்கூட. பெரும்போகத்தில் வயல் விதைத்ததும் பட்டிகளை மேற்கே மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். வெளியிடத்தவர்கள் அந்தத் தரையில் பயிர்ச்செய்கைக்கு இறங்கியதையும் மாடுகள் கொல்லப்படுவதையும் எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் அறவழிப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு வருடம் கடந்தும் அது நடந்தது.

1968இல் காரெட் ஹார்டின் ஒரு கற்பனை மேய்ச்சல் தரையை வைத்து வாதாடினார்: பொதுவில் விட்டால் ஒவ்வொரு இடையனும் ஒரு மாட்டைக் கூடச் சேர்ப்பான், தரை அழியும். எலினோர் ஒஸ்ட்ரொம் உண்மையான தரைகளையும் வாய்க்கால்களையும் மீன்பாடுகளையும் போய்ப் பார்த்தவர்களின் ஆய்வுகளைத் திரட்டினார். மக்கள் தாமே விதி வகுத்துத் தலைமுறைகளாகப் பொதுச்சொத்தைக் காத்து வருவதை 1990இல் நூலாக எழுதினார். அந்த நூலில் கல்லோயாவும் இடம்பெறுகிறது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். உள்ளூர் விதிகளை மேலே உள்ள அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் சொன்ன நிபந்தனைகளில் ஒன்று. மயிலத்தமடுவில் பட்டிக்காரர் ஒருவரின் தூக்கமின்மையைப் புரிந்துகொள்ள அரசறிவியல், புவியியல், அந்தத் தரை அடங்கிய மகாவலி அபிவிருத்தி வலயத்தின் வரைபடம் மூன்றும் தேவை.

கொம்புமுறி

கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறியில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். கொம்பைக் கொம்போடு கொளுவி இழுப்பார்கள். முறிந்த பக்கம் தோற்றது, வென்ற பக்கம் வசை பாடும். சேரி பிறப்போடு வருவது. சிங்களவரிடையே 'அங்கெலிய' என்ற பெயரில் உள்ள இதே விளையாட்டை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர உளப்பகுப்பாய்வோடு சேர்த்து 1984இல் எழுதினார்.

விளையாடும் பிள்ளைகள்

மானிடவியலாளர் மார்கரெட் ட்ரொவிக் 1990களின் பிற்பகுதியில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் தங்கி, போருக்குள் பிள்ளைகள் எப்படி விளையாடினார்கள் என்று எழுதினார். அந்நூல் 2007இல் வந்தது. மட்டக்களப்பு நகரில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து களிமண்ணிலும் கதையிலும் நாடகத்திலும் நேரம் செலவிட்டார்கள். வாவிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் நடந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒரு சட்டம் காத்த உயிர்கள்

தற்கொலை தனி ஆளின் மனம் சார்ந்தது மட்டுமே என்ற எண்ணத்தை எமில் துர்க்கைம் 1897இல் புள்ளிவிபரத்தைக் கொண்டு உடைத்தார். அதற்கு இலங்கை தந்த சான்று இன்னும் வலிமையானது. 1995இல் இங்கே ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. அந்த ஆண்டிலும் 1998இலும், பிறகு 2008க்குப் பின்னும் மிக நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லி, களைகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. 2005ஆம் ஆண்டளவில் வீதம் பாதியானது. 1995 முதல் 2015 வரை ஏறக்குறைய 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அந்த இருபது ஆண்டுக்குள் நாடு போரையும் ஆழிப்பேரலையையும் கண்டது. துயரம் குறைந்ததால் உயிர்கள் பிழைத்தன என்று சொல்ல முடியாது. தாங்க முடியாத ஒரு மணிநேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பது மாறியது. அந்த நேரம் கடந்த பிறகு பலர் வாழ்ந்தார்கள்.

மனம் நொந்திருப்பவர் பேசுவதற்குத் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. இதை வாசிக்கும் மாணவர் எவரும் தம் தொலைபேசியில் குறித்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்தே படிக்க

எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' 1962இல் வந்தது. பண்டிதர் வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல். குடி, கோயில், சடங்கு, ஊர்ப்பெயர், வாய்மொழிப் பாடல் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் தேடிய பலவற்றுக்குத் தமிழில் தொடக்கம் இந்த நூல்கள். மான்மியத்தைப் படிக்கும்போது அதைச் சரித்திரம் என்று எடுக்காமல், எந்தக் குடி எந்த உரிமையைக் கோருகிறது என்று பாருங்கள். ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையும் உளவியலுக்குத் தரவுதான். 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் ஈழத்து நூல்கள் பலவற்றைக் காசில்லாமல் வாசிக்கலாம்.